இடைவேளைக்கு முன்

ஜவரப்பாவுக்கு இருந்தது ஒரே ஒரு பைத்தியம். பிடித்த படத்தில் பிடித்த காட்சியை எடுத்துக்கொள்வார். அதே சட்டை, அதே நிற்பு, அதே முகம். ஜன்னல் கட்டையில் போனை ஸ்டாண்டில் நிறுத்தி, டைமரை அழுத்திவிட்டு, ஓடிவந்து நின்று தன்னைத் தானே படம் பிடித்து இணையத்தில் போடுவார். மண்டியாவில் கரும்பு வண்டிகளை எடை போட்டே ஓய்வு பெற்ற மனிதர். மனைவி ஜயம்மா போன பிறகு அந்த வீட்டில் அவருக்கு வேறு என்ன இருந்தது? எல்லாம் இரண்டு பேரும் வெள்ளிக்கிழமைகளில் சேர்ந்து பார்த்த படங்கள். கதாநாயகி நிற்கவேண்டிய இடத்தைக் காலியாகவே விட்டுவிடுவார். பார்க்கிறவர்கள் அதை ஒரு ஸ்டைல் என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஒரே ஒரு தடவை அந்த இடத்தை நிரப்பிப் பார்த்தார். அங்கேதான் வினை பிடித்தது. ஜயம்மாவின் கல்யாணப் புடவையைக் கட்டிக்கொண்டு, பொட்டு வைத்து, தானே கதாநாயகியாக நின்றார். ஊர் சிரித்தது, அது போகட்டும். சிவமொக்காவில் மகள் ரூபகலாவின் புகுந்த வீட்டிலும் அந்தப் படத்தைக் கைமாற்றிக் கைமாற்றிச் சிரித்தார்கள். "அது அம்மா புடவைப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் போனை வைத்தாள். அதோடு அவர் நம்பரையும் அடைத்துவிட்டாள். உகாதிக்கு வரவில்லை. கௌரி பண்டிகைக்கு அவர் அனுப்பிய பாகினம், பிறந்த வீட்டுச் சீர், முறத்தில் வைத்த வளையலும் மஞ்சளும் அப்படியே இருக்க, திரும்பி வந்தது. அன்றைக்கு முறத்தை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

புத்தி வந்து விட்டிருக்கலாம். விடவில்லை. இன்னும் ஜாஸ்தியாக எடுத்தார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை எடுத்தது ஓர் இரட்டைவேடக் காட்சி. மாலை போட்ட அண்ணன் படத்துக்கு முன்னால் தம்பி உட்கார்ந்து அழவேண்டும். தன் பெரிய படத்துக்குச் செவ்வந்தி மாலை போட்டு, விளக்கேற்றி, ஊதுவத்தி கொளுத்தினார். ஒரு காட்சியை இரண்டு துண்டாக, இடைவேளைக்கு முன் ஒன்று, பின் ஒன்று என்று போடுவது அவர் வழக்கம். படங்களை ரசிக்கிற கூட்டத்துக்கு இது தெரியும். உறவுக்காரர்களுக்கு எப்படித் தெரியும்? மாலை போட்ட படத்தை மட்டும், ஒரு வார்த்தை எழுதாமல் முதலில் போட்டார். இரண்டாவதற்கு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டிருந்தபோது போன் உயிரை விட்டது. சார்ஜ் போடலாம் என்றால் மின்சாரமும் இல்லை. சரி, இடைவேளை கொஞ்சம் நீளட்டும் என்று ராகி முத்தைக் களியைக் கரைத்துக் குடித்துவிட்டுப் படுத்துவிட்டார்.

மறுநாள் காலை அவரை எழுப்பியது மைத்துனன் புட்டராஜுவின் ஓலம். ரோஜா மாலையோடு உள்ளே ஓடிவந்தவன், கட்டிலில் எழுந்து உட்கார்ந்தவரைப் பார்த்து அப்படியே தரையில் சரிந்தான்.

"பாவா, நீ சாகலையா?"

"சாகணுமா?"

"பாடை மூங்கிலுக்குச் சொல்லிட்டேனே. தமட்டை அடிக்கிறவனுக்கும் சொல்லியாச்சு." மூச்சு வாங்கியது அவனுக்கு. "ரூபாவும் பஸ் ஏறிட்டா."

ஜவரப்பா கட்டிலை விட்டு இறங்கினார். "யாரு சொன்னா அவளுக்கு?"

"யாரோ படத்த அனுப்பியிருக்காங்க. எனக்குப் போன் போட்டு, 'நான் வர்ற வரைக்கும் எடுத்துடாதீங்க மாமா'ன்னு கதறினா. இப்போ போனையே எடுக்கமாட்டேங்குறா."

மின்சாரம் வந்ததும் ஜவரப்பா தானே கூப்பிட்டுப் பார்த்தார். அடைத்த நம்பர் அடைத்தபடியே இருந்தது. அவள் ஒவ்வோர் ஊராக அழுதுகொண்டே வந்துகொண்டிருக்கிறாள், இவர் இங்கே குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கிறார். நிறுத்த வழியில்லை. வெட்கத்தைவிட்டுச் சொன்னால், நிறுத்த மனசும் இல்லை. மகள் வருகிறாள் என்ற சந்தோஷம் ஒரு பக்கம் பொங்கியது. அதை நினைத்துத் தன்னையே காறித் துப்பவும் தோன்றியது.

"காகம் தலையில தொட்டுச்சுன்னு சொல்லிடு பாவா" என்றான் புட்டராஜு.

அந்தப் பக்கத்து முறை அது. காகம் தலையைத் தொட்டால் கண்டம். ஆள் போய்விட்டதாக நெருங்கிய ரத்தத்துக்குப் பொய்ச் சேதி அனுப்புவார்கள். அவர்கள் நிஜமாக அழுதால் கண்டம் கழியும். அழுதவர்கள் அப்புறம் கோபித்துக்கொள்ளக் கூடாது.

"பொய் சொல்லவா அவகிட்ட?"

"பின்ன என்ன சொல்லப்போற? சினிமா எடுத்தேன்னா? வந்த காலோட திரும்பிப் போயிடுவா."

மத்தியானம் மூன்று மணிக்கு ஆட்டோ வந்து நின்றது. ரூபகலா தலைவிரி கோலமாக இறங்கினாள். வாசலில் நின்ற அப்பாவைப் பார்த்ததும் கேட்டைப் பிடித்துக்கொண்டாள். முகம் அழுது வீங்கிக் கிடந்தது. உண்மையைச் சொல்லவேண்டும் என்றுதான் ஜவரப்பா வாயைத் திறந்தார்.

"காகம் தொட்டுச்சு புட்டீ" என்றார், சின்ன வயதில் அவளைக் கூப்பிட்டபடியே.

அவள் அப்படியே படியில் உட்கார்ந்து, முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு மறுபடி அழுதாள். இது வேறு அழுகை. பிறகு எழுந்து வந்து அவர் தலையை இரண்டு கையாலும் பிடித்தாள்.

"எங்கப்பா தொட்டுச்சு? இங்கேயா?"

"அங்கதான்."

"பாவிக் காக்கா. தலைக்குக் குளிச்சியா?"

"இல்லம்மா."

"யாரு இருக்கா உனக்கு, செய்ய. வா, உட்காரு."

புட்டராஜு மூங்கில்காரனைத் திருப்பி அனுப்பப் போனான். பின்கட்டில் முக்காலி போட்டு அவரை உட்காரவைத்து, ரூபகலா உச்சியில் எண்ணெய் வைத்துத் தேய்த்தாள். ஜயம்மா தேய்ப்பது மாதிரியே விரலை மடக்கித் தேய்த்தாள். பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரி தண்ணீர் கொடுத்ததையும், கையால் பிடித்துக் குடிக்க முடியாமல் போனதையும் சொன்னாள். "உன்னோட பேசாமலே இருந்துட்டேனேன்னு நெஞ்ச அடைச்சுதுப்பா. இனிமே மாசம் ஒருதரம் வர்றேன். அவங்க சிரிச்சா சிரிச்சிட்டுப் போகட்டும்."

ஜவரப்பா தலையைக் குனிந்து கொடுத்தார். இப்போது சொல்லலாம், சீயக்காய் போடும்போது சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே இருந்தார். சீயக்காயும் போட்டாயிற்று. கண்ணை இறுக்க மூடிக்கொண்டார்.

உள்ளே போன் அடித்தது. எடுக்கவேண்டாம் என்று சொல்வதற்குள் அவள் போய்விட்டாள். துக்கம் கேட்க யாராவது கூப்பிடுவார்கள், ஆள் நன்றாக இருக்கிறார் என்று சொல்லலாம் என்றுதான் போனாள். மணி அடித்து ஓய்ந்தது, கூடவே ஏதோ செய்தி வந்து விழுந்த சத்தம். பிறகு அவள் படிப்பது கேட்டது, ஒவ்வொரு வார்த்தையாக.

"'அண்ணா, இடைவேளை முடியலையா? அடுத்த பாதி எப்போ? மாலை போட்ட படம் சூப்பர்.'"

ஜவரப்பாவால் கண்ணைத் திறக்க முடியவில்லை. சீயக்காய் வழிந்துகொண்டிருந்தது. "ரூபா" என்றார். "நான் சொல்லத்தான் இருந்தேன், புட்டீ. கண்ணு எரியுது. தண்ணி ஊத்தும்மா."

அவள் வந்தாள். செம்பு அண்டாவில் மோதும் சத்தம் கேட்டது. வெந்நீரை அளவாக, கையால் தலையை அலசிவிட்டுக்கொண்டே ஊற்றினாள். காதுக்குப் பின்னால்கூட விட்டுவைக்கவில்லை. அந்தக் கை கோபமாக இருந்திருந்தால் அவருக்குத் தெம்பாக இருந்திருக்கும்.

கடைசிச் செம்பையும் ஊற்றிவிட்டுத் துண்டை அவர் தோளில் போட்டாள்.

"உனக்காக அழவேண்டியத நான் வழி முழுக்க அழுதுட்டேன்பா" என்றாள். "அந்தச் சேதி நிஜமா வர்ற அன்னிக்கு அழ என்கிட்ட ஒண்ணும் இல்ல. அன்னிக்கு என்னைக் கூப்பிட வேணாம்."

அவர் முகத்தைத் துடைத்துக் கண்ணைத் திறப்பதற்குள் கேட் சாத்துகிற சத்தம் கேட்டது. ஈரத் துண்டை இடுப்பில் சுற்றிக்கொண்டு வாசல் வரை ஓடினார். அதற்கு மேல் அந்தக் கோலத்தில் தெருவில் இறங்க முடியவில்லை. அவள் தெருமுனை வேப்பமரத்தைத் தாண்டிக்கொண்டிருந்தாள். கூப்பிட வாயெடுத்தார். நிஜமாகவே ஏதாவது ஆகிவிட்டது என்று கத்தினால் திரும்புவாளோ என்று ஒரு கணம் தோன்றியது. தோன்றியதை நினைத்து வாயை மூடிக்கொண்டார்.