இரண்டு வீட்டில் ஒரே முட்டை

1

இந்தக் கதை ஒட்டுக் கேட்டதில் கிடைத்தது. பேருந்து நிறுத்தத்தில் எனக்கு முன்னால் நின்ற பெண் போனில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள்: "மொதல்ல ஃப்ரிட்ஜைத் தொறப்பேன். அப்புறந்தான் ஆளுங்க மூஞ்சியப் பாப்பேன்." குரலில் பெருமையும் இல்லை, வெட்கமும் இல்லை. பேருந்து வந்தது, ஏறிப் போய்விட்டாள். பிள்ளைகளைச் சரியாகக் கவனிக்கவில்லை என்று புகார் வந்த வீடுகளுக்குப் போய்ப் பார்க்கும் வேலை அது என்று எனக்குப் பிறகுதான் உறைத்தது. மிச்சமெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதல் தொடக்கம்: மழை பிடித்துக்கொண்டது. அவள் குடையை மடக்கி, இருண்ட மாடிப்படியில்

[நிறுத்திவிட்டேன். கஷ்டப்படுகிற வீட்டுக்குப் போகும்போதெல்லாம் மழை பெய்ய வேண்டும் என்று எவன் சொன்னான்? நல்ல வெயில்தான்.]

இரண்டாம் தொடக்கம்: அந்தக் குழந்தையின் கண்களில்

[முடிக்கவே கூச்சமாக இருக்கிறது.]

மூன்றாவது: அவள் கதவைத் தட்டியதும் உள்ளே டிவி சத்தம் நின்றது.

இது இருக்கட்டும். அவள் தட்டுகிற எல்லா வீட்டிலும் இதுதான் நடக்கும். டிவி நிற்கும், நாற்காலி இழுபடும், ஒரு பெரியவர் ஒரு பிள்ளையிடம் ஏதோ கிசுகிசுப்பார். அவள் வெளியே நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். அவளுக்கு யாரும் சிரித்துக்கொண்டே கதவு திறந்ததில்லை. திறந்தால்தான் சந்தேகம்.

3

அவளுக்குக் குழந்தை இல்லை என்று முதலில் எழுதினேன். அடித்தேன். இரண்டு பிள்ளைகள் என்று எழுதினேன். அதையும் அடித்தேன். எதை எழுதினாலும் அதை வைத்தே அவளை அளந்துவிடுவீர்கள். பிள்ளைக்கு ஏங்குகிறாள், அதனால் தூக்குகிறாள்.* பெற்றவள், அதனால் விட்டுவிடுகிறாள். பல் டாக்டரைப் பற்றி யாரும் இப்படி விசாரிப்பதில்லை. ஆகவே நான் தருவது இவ்வளவுதான்: நாற்பதை ஒட்டிய வயது, குதிகால் வலி, காரின் பின்சீட்டில் எப்போதும் மாட்டியே கிடக்கும் ஒரு குழந்தை இருக்கை. பிள்ளைகள் வைத்த பெயர் ஃப்ரிட்ஜ் அக்கா. பெரியவர்கள் வைத்த பெயரை எழுத முடியாது.

* தூக்குவது என்றால் பிள்ளையை வீட்டிலிருந்து எடுத்துக் காப்பகத்தில் சேர்ப்பது. அலுவலகக் காகிதத்தில் இதற்கு நீளமான சொல் ஒன்று உண்டு. அதைச் சொல்லி யாரும் பேசுவதில்லை.

4

மூன்றாம் மாடியில் ஒரு தாயும் மகளும். தாய் பஸ் டிப்போவில் வண்டி கழுவுகிறாள். மகள் ஒன்றாம் வகுப்பு. பள்ளியிலிருந்து வந்த புகார்: பிள்ளை மற்றவர்களின் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து தின்கிறாள். போன தடவை ஃப்ரிட்ஜ் அக்கா திறந்து பார்த்தபோது ஒரு தண்ணீர் பாட்டிலும் காய்ந்துபோன அரை எலுமிச்சையும்தான் இருந்தன. அடுத்த தடவையும் இப்படியே இருந்தால் பிள்ளையைத் தூக்கவேண்டி வரும் என்று சொல்லிவிட்டு வந்தாள். அந்த அடுத்த தடவைதான் இன்று.

ஒரே கட்டடத்தில் புகார் வந்த வீடு இரண்டு இருந்தால் ஒரே நாளில் போகக்கூடாது. வேலைக்குச் சேர்ந்தவுடனே சொல்லித் தருவது அது. முதல் வீட்டில் கால் வைத்ததுமே கட்டடம் முழுக்கத் தகவல் போய்விடும். ஆனால் குதிகால் வலித்தது. நாளை மறுபடி இந்தப் படிகளை ஏற வேண்டுமே என்று நினைத்தாள். காலையில் முதல் மாடி லாரி டிரைவர் வீட்டை முடித்தாள். பழைய புகார், மூட வேண்டியது. ஃப்ரிட்ஜில் ஒரு ட்ரே முட்டை இருந்தது. அதில் ஒரு முட்டைக்கு டிரைவரின் மகன் பேனாவால் முறுக்கு மீசை வரைந்திருந்தான். அது எங்கப்பா என்றான். ஃப்ரிட்ஜ் அக்கா சிரித்துவிட்டாள். வேலை நேரத்தில் அவள் சிரிப்பது அபூர்வம். 'திருப்தி' என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கீழே போனாள். காரில் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக் கிடந்துவிட்டு மறுபடி ஏறினாள்.

5

மூன்றாம் மாடி ஃப்ரிட்ஜ் நிரம்பி வழிந்தது. பால் பாக்கெட், கேரட், ஒரு முட்டைக்கோஸ், ஒன்றுக்கொன்று பொருந்தாத மூடி போட்ட பாத்திரங்கள். மேல் தட்டில் ஒரு ட்ரே முட்டை. அதன் மூலையிலிருந்து டிரைவர் மீசையோடு அவளைப் பார்த்தார்.

[இந்த இடத்தில் அவளை அதிர வைத்திருந்தேன். அடித்துவிட்டேன். அவளுக்கு அலுப்புத்தான் வந்தது.]

இந்தக் கட்டடத்தில் இதுவரை திருப்தி என்று எழுதிய வீடுகளெல்லாம் வரிசையாக அவள் நினைவுக்கு வந்தன. எத்தனை வீட்டில் ஒரே முட்டைக்கோஸைப் பார்த்துத் தலையாட்டினாளோ.

பிள்ளை பக்கத்தில் வந்து நின்றாள். காலையில் என்ன சாப்பிட்டாய் என்று ஃப்ரிட்ஜ் அக்கா கேட்டாள். பிஸ்கட் என்றாள் பிள்ளை. முட்டை பிடிக்காதா என்று கேட்டாள்.

"பிடிக்கும். ஆனா இது திங்கறதுக்கு இல்லக்கா. நீங்க பாக்குறதுக்கு."

6

தாய் மறுக்கவில்லை. பிள்ளையை அதட்டவும் இல்லை. யார் யார் வீட்டிலிருந்து எது எது வந்தது என்று விரலை நீட்டி நீட்டிச் சொன்னாள். பால் எதிர்வீடு, கோஸ் மொட்டைமாடி அறைக்காரர், முட்டை உங்களுக்கே தெரியும்.

"இவ்வளவு கொடுக்குறவங்க, சாப்பிடக் கேட்டா கொடுக்க மாட்டாங்களா?"

"கொடுப்பாங்க மேடம். அதனாலதான் கேக்கல."

ஃப்ரிட்ஜ் அக்காவுக்குப் புரியவில்லை. அல்லது புரிந்தும் காத்திருந்தாள்.

"காட்டறதுக்கு வாங்கினா சாயங்காலம் திருப்பிக் கொடுத்துடலாம். தின்னுட்டா எதைத் திருப்பறது?"

"உங்க பொண்ணு அடுத்தவங்க டப்பாவைத் தொறக்குறா. அது மட்டும் பரவாயில்லையா?"

"அது எனக்குத் தெரியாம நடந்தது."

"தெரிஞ்சப்புறம்?"

[இதற்குத் தாயின் பதிலை எழுதிப் பார்த்தேன். எழுதியதெல்லாம் வக்கீல் பேசியது போல் இருந்தது. ஆகவே அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.]

ஃப்ரிட்ஜ் அக்கா குறிப்பை இரண்டு விதமாக எழுதலாம். வீட்டில் சாப்பாடு இல்லை, தாய் ஏமாற்றப் பார்த்தாள் என்று எழுதலாம். தாய் வாயைத் திறந்து கேட்டால் கட்டடமே படியேறி வருகிறது, இப்படி அக்கம்பக்கம் வேறு எங்கே கிடைக்கும் என்றும் எழுதலாம். இரண்டும் உண்மை. ஒன்றாவது பொய்யாக இருந்தால் அவள் இந்நேரம் வீட்டுக்குப் போய்க் காலை வெந்நீரில் வைத்திருப்பாள்.

அப்போது போன் அடித்தது. மேலதிகாரி அம்மா. காப்பகத்தில் ஒரே ஓர் இடம் காலி, அதற்கு இன்னொரு ஊழியரும் காத்திருக்கிறார் என்றார். குரலில் கோபம் இல்லை. அவரும் காலையிலிருந்து உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருப்பவர்.

"தூக்குறியா விடுறியாம்மா? ஒரு வார்த்தை சொல்லு. இடத்தைப் பிடிச்சு வைக்கிறேன்."

ஒரு நிமிஷம் மேடம் என்றாள் ஃப்ரிட்ஜ் அக்கா.

7

அந்த ஒரு நிமிஷத்தில் நான் எழுதிப் பார்த்தவை:

தூக்குகிறாள். காப்பகத்தில் வேளாவேளைக்குச் சாப்பாடு. பிள்ளைக்குக் கன்னத்தில் சதை பிடிக்கிறது. ஆனால் ஒவ்வொரு ராத்திரியும் தலையணை உறைக்குள் ஒரு துண்டு ரொட்டியை ஒளித்து வைக்கிறாள், அம்மா வந்தால்

[கிழித்துப் போட்டேன். உங்களை அழவைக்க எழுதியது.]

விட்டுவிடுகிறாள். திருப்தி என்று எழுதுகிறாள். சில வாரம் கழித்துப் பள்ளியிலிருந்து மறுபடி போன் வருகிறது. இந்தத் தடவை டப்பா விஷயம் இல்லை, பிள்ளை வகுப்பிலேயே

[இதை முடிக்க எனக்குத் துணிச்சல் இல்லை. அவளுக்கும் இந்தப் பயந்தான். செய்தித்தாளில் பெயர் வந்த சக ஊழியர் ஒருவரை அவளுக்குத் தெரியும். இப்போது அவர் எங்கே இருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது.]

கீழே கடைக்குப் போய், தன் கைக்காசில் ஒரு ட்ரே முட்டை வாங்கி வந்து, எதுவும் பேசாமல்

[உங்களுக்கு இது பிடிக்கும். எனக்கும் பிடித்தது, அதனாலேயே நம்பவில்லை. அவள் பையில் இருக்கும் மற்ற வீடுகளுக்கு யார் வாங்குவது?]

8

மூன்றையும் தள்ளிவிட்டு நான் விழித்துக்கொண்டிருந்தேன். ஃப்ரிட்ஜ் அக்கா போனைக் காதில் வைத்தபடி ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள். முதுகுக்குப் பின்னால் அடுப்புப் பற்றும் சத்தம் கேட்டது.

திரும்பினாள். தாய் முட்டையை வாணலி விளிம்பில் தட்டி உடைத்துக்கொண்டிருந்தாள். மீசை வரைந்த முட்டையும் உடைந்து உள்ளே விழுந்தது.

"அம்மா, அது அவங்களோடதும்மா." பிள்ளை வாணலியை எட்டிப் பார்த்தாள்.

"தெரியும். நான் பேசிக்கிறேன். நீ தின்னு."

இதை நான் திட்டமிடவில்லை. இனி சாயங்காலம் திருப்பிக் கொடுக்க அந்த ட்ரே முழுசாக இல்லை. தாய் கீழே போய், பிள்ளைக்குப் போட்டுவிட்டேன் என்று சொல்லித்தான் ஆக வேண்டும். ஒரு தடவை சொல்லிவிட்டால் அடுத்த தடவை கேட்பது சுலபம். அப்படித்தான் என்று நினைக்க எனக்கும் ஆசை. ஆனால் இதுவும் காட்டுவதற்குச் செய்ததா? பார்க்க ஆள் நின்றால் மட்டும் பற்றுகிற அடுப்பா? அது தெரிந்தால் முடிவை நானே எழுதியிருப்பேன். ஃப்ரிட்ஜ் அக்கா தாயின் முகத்தையே பார்க்கிறாள். அவளுக்கும் பிடிபடவில்லை. தாய்க்கே தெரியுமோ என்னவோ.

"லைன்ல இருக்கியாம்மா?"

இருக்கிறாள். வாயைத் திறந்துவிட்டாள். அந்த ஒரு வார்த்தையை மட்டும் நான் எழுதப் போவதில்லை, நீங்கள் சொல்லுங்கள். யோசிக்க வேண்டுமென்றால் யோசியுங்கள். பிள்ளை தட்டைக் காலி செய்கிறவரைக்கும் உங்களுக்கு நேரம் இருக்கிறது.

வேகமாகச் சாப்பிடுகிறாள்.