ஏழு மைலில் கொழும்பு

நான் கொழும்பில் இருந்ததாக ஊர் நம்பிய இரண்டு வருஷமும் ஸ்ரீவில்லிபுத்தூரில் விறகு பிளந்துகொண்டிருந்தேன். ராஜபாளையத்தில் என் வீட்டிலிருந்து அந்த விறகுக் கடைக்கு ஏழு மைல். எட்டி நடை போடுகிறவன் இரண்டு மணி நேரத்தில் வந்துவிடுவான். என் பெயர் சத்தியநேசன். சிரிப்பு வந்தால் தாராளமாகச் சிரித்துக்கொள்ளுங்கள். ஞானஸ்நானம் கொடுத்த போதகர் நல்ல எண்ணத்தில்தான் அந்தப் பெயரை வைத்தார்.

நான் கிளம்பியது முப்பத்தாறாம் வருஷம். அதற்கு முன்னால் ராஜபாளையத்தில் ஒரு ஜின்னிங் பாக்டரியில் பஞ்சு மூட்டை தூக்கினேன். வருஷத்தில் பாதி நாள் வேலை இருக்கும், மீதி நாள் வீட்டில் உட்கார்ந்து பெண்டாட்டி முகத்தைப் பார்க்க வேண்டியதுதான். எங்கள் தெருவில் பலர் ஆள் சேர்க்க வந்த கங்காணியிடம் பெயர் கொடுத்துக் குடும்பம் குடும்பமாகத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. ஐந்தாம் வகுப்பு வரைக்கும் படித்த திமிர்.

"நான் ஒத்தையாளாப் போயி கொழும்பு ஹார்பர்ல வேலை பாத்துக்கிடுதேன். எந்தக் கங்காணிக்குக் கீழயும் கையக் கட்டிக்கிட்டு நிக்க மாட்டேன்" என்று நாலு பேர் காதுபடச் சொன்னேன். அந்த வாய்தான் என்னைக் கெடுத்தது.

சபையில் எனக்காக வழியனுப்பு ஜெபக்கூட்டம் வைத்தார்கள். என் மனைவி செல்லக்கனி கம்மலைக் கழற்றிப் பயணச் செலவுக்குக் கொடுத்துவிட்டுக் காதில் ஈர்க்குச்சியைச் செருகிக்கொண்டாள். ஸ்டேஷனுக்கு அறுபது பேர் வந்து கீர்த்தனை பாடினார்கள். என் ஒரே மகள் அன்னத்தாய்க்கு அப்போது நாலு வயது. அப்பன் போவதைவிட அவளுக்கு எஞ்சின்தான் பெரிதாக இருந்தது. புகையைப் பார்த்துக் கைதட்டினாள்.

கடற்கரையில் இருந்த மண்டபம் முகாமில் கப்பல் ஏறுமுன் டாக்டர் பரிசோதனை. என் முறை வந்ததும் கண் இமையை விரலால் மடக்கிப் பார்த்தார். உள்ளே புண் இருக்கிறது, மற்றவர்களுக்கும் ஒட்டிக்கொள்ளும், ஆறு மாசம் மருந்து போட்டுவிட்டு வா என்றார். அவர்மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஓரமாக நிற்கச் சொன்னார், நின்றேன். என்னோடு ரயிலில் வந்தவர்கள் எல்லோரும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு என்னைக் கடந்து போனார்கள்.

திரும்பி வந்த ரயில் ஸ்ரீவில்லிபுத்தூரில் நின்றது. அடுத்தது ராஜபாளையம். அறுபது பேர் பாடி அனுப்பி ஒன்பது நாள்கூட ஆகவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு போய் இறங்குவது? தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அங்கேயே இறங்கிவிட்டேன். ஆறு மாசம்தானே, இங்கேயே எங்காவது தலைமறைவாக இருந்து கண்ணைச் சரிபண்ணிக்கொண்டு மறுபடியும் போய்விடலாம் என்று நினைத்தேன்.

செண்பகத்தோப்புக்குப் போகும் சாலையில் ஒரு விறகுக் கடையில் வேலை கிடைத்தது. கடைக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் படுத்துக்கொண்டேன். கண்ணுக்கு மருந்து போட்டேன். ஆறு மாசம் கழித்து மறுபடியும் மண்டபம் போனேன். அதே டாக்டர், அதே விரல். மறுபடியும் ஓரமாகத்தான் நின்றேன். அதற்குப் பிறகு போகவில்லை.

ஆனால் அதற்குள் ஊரில் நான் கொழும்புக்காரனாகிவிட்டேன். விறகுக் கடையிலிருந்து ராஜபாளையத்து ஹோட்டல்களுக்கு வண்டியில் விறகு ஏற்றிப் போகிறவர் மலைச்சாமி. அவர் ஒருவருக்குத்தான் என் கதை தெரியும். அவர் கையில் கடிதமும், கூலியில் பாதியும் கொடுத்து அனுப்புவேன். தபாலில் போட்டால் ஸ்ரீவில்லிபுத்தூர் முத்திரை விழுந்துவிடுமே. அதனால் ஒரு கதை கட்டினேன். மலைச்சாமிக்குத் தெரிந்த ரயில்வேக்காரர் ஒருவர் கப்பலோடு இணையும் போட் மெயில் ரயிலில் கொழும்புக்குப் போய் வருகிறார், எனக்கு எழுதுவதையும் மலைச்சாமியிடமே கொடுத்தால் அந்த ஆள் மூலமாக வந்து சேர்ந்துவிடும், தபால் செலவு மிச்சம். எங்கள் ஜனங்களுக்கு மிச்சம் என்ற வார்த்தையைக் கேட்டால் வேறு சந்தேகமே வராது.

செல்லக்கனிக்குப் படிக்கத் தெரியாது. என் கடிதங்களைப் போதகர் ஆராதனை முடிந்ததும் சபைக்கே வாசிப்பாராம். நானும் வஞ்சகமில்லாமல் எழுதினேன். கப்பல் ஊதுகிற சத்தம், துறைமுகத்துக் காற்று, வெள்ளைக்காரத் துரை என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது எல்லாம் எழுதினேன். எழுதி முடித்துவிட்டு மறுபடியும் கோடாலியை எடுப்பேன். ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயில் மணி அடித்தால் போக முடியாது. எங்கள் போதகர்தான் மாசத்துக்கு ஒருதரம் ஸ்ரீவில்லிபுத்தூர் கோயிலுக்கும் வருவார். தெருவில் ராஜபாளையத்துப் பேச்சுக் காதில் விழுந்தால் துண்டை இழுத்து முகத்தை மூடிக்கொள்வேன். கொழும்பில் இருப்பவனுக்குக்கூட அவ்வளவு தனிமை இருந்திருக்காது. அங்கே ஊர்க்காரனைப் பார்த்தால் ஓடிப்போய்ப் பேசலாம். இங்கே ஊர்க்காரனைப் பார்த்தால் ஓடி ஒளிய வேண்டும்.

முப்பத்தெட்டாம் வருஷம் ஆவணியில் ஒரு திங்கட்கிழமை. மத்தியானம் சுமை இறக்கிவிட்டுத் திரும்பிய மலைச்சாமி, மாட்டை அவிழ்க்காமலே என்னைக் கூப்பிட்டார்.

"ஏலே சத்தியநேசா, உம்புள்ளைக்குக் காய்ச்சலாம். மூணு நாளாச்சாம், கஞ்சித்தண்ணி எறங்கலியாம். உம் பொண்டாட்டி வண்டிய மறிச்சுக்கிட்டு நின்னா. இன்னைக்கே அவியகிட்டச் சொல்லிருங்கண்ணேன்னு அழுதா. வண்டியில ஏறு, நானே கொண்டு விடுதேன்."

இன்றைக்கே என்று அவள் சொன்னது, இன்றிரவு போட் மெயிலில் சேதி போய்விட வேண்டும் என்பதற்காக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

"இன்னைக்கு எப்படிண்ணே போவேன்? கொழும்புல இருக்கிறவன் இன்னைக்கே எப்படி வந்து நிக்க முடியும்?"

"என்னலே பேசுத?"

விரல்விட்டு எண்ணிக் காட்டினேன். இன்றிரவு கிளம்புகிற சேதி புதன்கிழமை காலையில் கொழும்பு போய்ச் சேரும். புதன் ராத்திரி நான் அங்கே ரயில் ஏறினால், கப்பல் மாறி, மதுரை மாறி, வெள்ளிக்கிழமை ராஜபாளையம் வரலாம். அதற்கு முன்னால் போய் நின்றால் பறந்தா வந்தாய் என்று கேட்பார்கள். இரண்டு வருஷமாகச் சபையில் வாசித்த கடிதமெல்லாம் என்ன ஆகும்? சின்னப் பிள்ளைக்குக் காய்ச்சல் வருவதும் போவதும் சகஜம். வெள்ளிக்கிழமை நான் போகும்போது அவள் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருப்பாள். இப்படியெல்லாம் அவருக்குச் சொன்னேன். எனக்கும் சொல்லிக்கொண்டேன்.

மலைச்சாமி என்னை ஏற இறங்கப் பார்த்தார். மாட்டை அவிழ்த்துக்கொண்டு போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை ராஜபாளையத்துக்குச் சுமை இல்லை. அன்றைக்கு ராஜபாளையம் சாலை வரைக்கும் நாலு தடவை போய்ப் போய்த் திரும்பினேன். ஒரு தடவை அரை மைல் நடந்தேவிட்டேன். எதிரே எங்கள் தெரு உக்கிரபாண்டி சைக்கிளில் வந்தான். பக்கத்துச் சோளக்காட்டுக்குள் புகுந்து அவன் போகும் வரைக்கும் குத்தவைத்திருந்துவிட்டுக் கடைக்கே திரும்பினேன்.

புதன்கிழமை மத்தியானம் மலைச்சாமி வண்டியை வெகு வேகமாக ஓட்டிக்கொண்டு வந்தார்.

"விடியக்காலம் போயிருச்சுலே" என்றார். "சாயங்காலம் அடக்கம். இப்பவாவது வா. ஊருக்குள்ள போக வேண்டாம். முண்டாசக் கட்டிக்கிட்டு கல்லறைத் தோட்டத்துக்கு வெளிய நின்னு பாத்துட்டு வந்திருவோம். ஏறுலே."

"யாராவது கண்டுக்கிட்டா?" என்றேன்.

இந்த வார்த்தையை நான் சொன்னேன். பெற்ற பிள்ளை செத்துக் கிடக்கிறாள் என்று கேட்டவுடனே என் வாயிலிருந்து முதலில் வந்தது இதுதான். எத்தனை தரம் நினைத்துப் பார்த்தாலும் இதை மாற்றிச் சொல்ல வழியில்லை.

"நீ மனுசன்தானாலே?" என்று கேட்டுவிட்டு மலைச்சாமி தரையில் காறித் துப்பினார். பிறகு சுமையில்லாத வண்டியைத் திருப்பிக்கொண்டு அவரே அடக்கத்துக்குப் போனார். நான் கொட்டகைக்குள் போய் வாயில் துண்டைத் திணித்துக்கொண்டு அழுதேன். முதலாளி கூப்பிட்டபோது முகத்தைக் கழுவிவிட்டு வந்து விறகு பிளந்தேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு, தகரப் பெட்டியோடு விருதுநகருக்கு ரயில் ஏறினேன். ஊருக்கு எதிர்த் திசையில்தான். வெள்ளிக்கிழமை காலையில் விருதுநகரிலிருந்து வருகிற வண்டியில் இறங்கினால்தான் கொழும்பிலிருந்து வந்தவன் என்று நம்புவார்கள். அந்த வண்டி ஸ்ரீவில்லிபுத்தூரில் நின்றபோது யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று பெஞ்சில் குப்புறப் படுத்துக்கொண்டேன்.

ராஜபாளையத்தில் என்னைக் கண்டதும் தெருவே கூடிவிட்டது. பெண்கள் என்னைச் சுற்றி உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். போதகர் வந்து என் தோளைத் தொட்டு ஜெபம் பண்ணினார்.

"சேதி கெடைச்ச அன்னைக்கே கப்பல் ஏறியிருக்கான் பாருங்க. சமுத்திரத்தத் தாண்டி நாலு நாளுல வந்து நிக்கான். பெத்த பாசம்னா இதுதான்" என்று என் சித்தப்பா ஜேசுதாசன் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி அழுதார். ஒருவராவது என்னைக் கடிந்து பேசவில்லை. யாராவது செருப்பைக் கழற்றியிருந்தால் அன்றைக்கு எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். மண் இன்னும் காயவில்லை. மேடு என் நினைப்பைவிடச் சிறியதாக இருந்தது. ஆறு வயதுக்கு அவ்வளவுதான் வேண்டும்.

கூட்டம் கலைந்த பிறகு செல்லக்கனி ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். நானாகவே ஆரம்பித்தேன்.

"சேதி வந்ததும் கப்பல் கெடைக்க..."

"எங்கிட்டக் கப்பல் கதை வேண்டாம்" என்றாள். அவள் குரல் உயரவில்லை. "போன தை மாசம் புள்ளைக்குக் காதுவலின்னு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மருந்து வாங்க வந்தேன். விறகுக் கடை வாசல்ல கோடாலியும் கையுமா நின்னிய. அவதான் மொதல்ல பாத்தா. அம்மா, அப்பா மாதிரி இருக்குன்னா. இல்லட்டி, அது வேற யாரோன்னு சொல்லி இழுத்துக்கிட்டு வந்துட்டேன்."

"ஏன் கூப்பிடல?" என்று கேட்டேன்.

"கூப்பிட்டா நடுத்தெருவுல ஒங்க மொகம் என்னத்துக்கு ஆகும்? அவமானத்துல எங்கயாவது கண்காணாமப் போயிட்டியன்னா? தெரியாத மாதிரியே இருந்துட்டா ஒருநாள் நீங்களா வந்திருவியன்னு நெனச்சேன். அதான் ஊரோட சேந்து நானும் ஒங்க லெட்டரக் கேட்டுக்கிட்டு உக்காந்திருந்தேன்."

செம்பைக் கொஞ்சம் என் பக்கம் நகர்த்தி வைத்தாள். நான் தொடவில்லை.

"காய்ச்சல் முத்தினதும் அவகிட்ட நெசத்தச் சொல்லிட்டேன். அன்னைக்கு நீ பாத்தது அப்பாதான் தாயி, பக்கத்துலதான் இருக்காவ, ஆளு போயிருக்கு, இந்தா வந்திருவாவன்னேன். நாந்தான் மொதல்ல கண்டுபிடிச்சேன்னு அவளுக்கு அம்புட்டு சந்தோசம். திங்கக்கிழமையும் செவ்வாக்கிழமையும் வாசலப் பாத்துக்கிட்டேதான் கெடந்தா. வண்டிச் சத்தம் கேட்டா அப்பாவான்னு கேப்பா. செவ்வாக்கிழமை பொழுது சாஞ்ச பொறவு கேக்குறத நிறுத்திட்டா."

அவள் காலைப் பிடிக்கப் போனேன். காலை இழுத்துக்கொண்டாள்.

"நாளைக்கே சபையில எல்லாத்தையும் சொல்லிருதேன். காறித் துப்பட்டும், தள்ளி வைக்கட்டும். இங்கயே ஒங்கூடவே கெடக்கேன்" என்றேன்.

"சொல்லக் கூடாது" என்றாள். அப்போதுதான் அவள் குரலில் கோபம் வந்தது. "தகப்பன் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தாவ, அதான் வந்து பாக்க முடியலன்னு ஊரு சொல்லுது. எம்புள்ளைக்கு அதாவது மிஞ்சட்டும். ஏழு மைலுல இருந்துக்கிட்டு வரல, தகப்பனுக்கு அவ அம்புட்டுக்குக்கூடப் பெறலன்னு எவளும் கெணத்தடியில பேசக் கூடாது. நீங்க கொழும்புக்கே போயிருங்க."

மறுநாள் காலையில் போதகர் வந்தபோது அவளே முந்திக்கொண்டாள். "அவியளுக்கு லீவு இல்லங்கய்யா. இன்னைக்கே திரும்பணும்" என்றாள். போதகர் என் கடல் பயணத்துக்காக ஜெபம் பண்ணினார். ஜேசுதாசன் சித்தப்பா பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். நான் வாசலில் அவள் பக்கம் திரும்பினேன்.

"இனி எப்ப வரட்டும்?" என்று அவளுக்கு மட்டும் கேட்கும்படி கேட்டேன்.

"கொழும்புக்குப் போன எத்தனையோ பேரு திரும்பி வராமலே இருக்காவ" என்றாள். கதவைச் சாத்திவிட்டாள்.

சித்தப்பா விருதுநகருக்கு டிக்கெட் எடுத்து என் கையில் கொடுத்தார். நான் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே இறங்கிக்கொண்டேன்.