எடைமேடையில் நான்கு மணி

கணவன் செத்து இருபதாம் நாள் சாக்குத் தைக்கிறவள் வேலைக்குத் திரும்பியபோது அவள் எடை இருநூற்றுப் பத்து கிலோ. பார்வைக்கு முன்பைவிட இளைத்துத்தான் இருந்தாள். வளையல்கள் மணிக்கட்டில் நிற்காமல் முழங்கை வரைக்கும் போய் வந்தன. கிடங்குக்குள் போக லாரி நிறுக்கும் இரும்பு மேடையைக் கடந்தாக வேண்டும். அவள் கடந்தபோது கூண்டுக்குள் இருந்த எடைக்காரர் சிவப்பு எண்களைப் பார்த்தார். லாரி மேடை ஐந்து ஐந்து கிலோவாகத்தான் காட்டும், ஆகவே இரண்டொரு கிலோ முன்பின் இருக்கலாம். அவர் அவளைத் திரும்ப வரச் சொன்னார், நடுவில் நிற்கச் சொன்னார், பிறகு இருபது கிலோ படிக்கல் பத்தைச் சுமந்துவந்து வைத்து மேடையைச் சோதித்தார். மேடை சரியாக இருந்தது. "ஏம்மா, காலையில என்ன சாப்பிட்ட?" என்று கேட்டார். "ரெண்டு நாளா ஒண்ணும் எறங்கலண்ணே" என்றாள். மறுநாள் இருநூற்றுப் பதினைந்து.

அவள் கணவனைப் பலகைக்காரன் என்பார்கள். தரையிலிருந்து லாரிக்குச் சாத்தும் பலகை பதினான்கு அடி. ஐம்பது கிலோ மூட்டையோடு ஒருவன் ஏறினால் அது நடுவில் வளையும், எழும்பும், மறுபடி வளையும். எழும்பும்போது கால் வைத்தால் ஆளைத் தூக்கி எறிந்துவிடும். மற்றவர்கள் இதை இடுப்பு ஒடிந்து கற்றுக்கொண்டார்கள். அவன் மூன்றாவது அடியில் என்னவோ செய்வான், மூட்டை தானாக நடந்து லாரியில் ஏறுவதுபோல இருக்கும். கிடங்குக்குள் மூட்டைகளை வரிசைமேல் வரிசையாகக் கூரை வரை அடுக்குவதற்கு அட்டி என்று பெயர். அவன் செத்த அன்றைக்கு ஓர் அட்டியின் அடிவரிசையில் ஒரு மூட்டை தையல் விட்டு, மக்காச்சோளம் ஒழுகியது. ஒழுகிய சத்தம் ஒருவர் காதிலும் விழவில்லை. மூட்டை சப்பையாகி, பதினெட்டு வரிசையும் சாய்ந்தது. பலகைக்காரன் அதன் நிழலில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான்.

கிழிந்த சாக்குகளைக் கோணி ஊசியும் சணலுமாகத் தைக்கக் கிடங்கில் ஐந்து பெண்கள் இருந்தார்கள். எந்தச் சாக்கை யார் தைத்தது என்று யாரும் குறித்து வைப்பதில்லை. ஆனாலும் அது தன் தையல்தான் என்று அவள் முடிவு செய்துவிட்டாள். அன்று காலை ஏதோ கதைக்குச் சிரித்துக்கொண்டே, இரண்டு முடிச்சு போட வேண்டிய இடத்தில் ஒன்று போட்டது அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. மற்ற நான்கு பேருக்கும் இதே ஞாபகம்தான் இருந்தது என்பது பின்னால் தெரியவந்தது.

அதன்பின் வாரத்துக்கு ஒரு மூட்டை வீதம் அவள் எடை ஏறியது. தையல் கொட்டகையின் தரை விரிசல் விட்டது. மழை பெய்த தெருவில் கணுக்கால் வரை புதைந்து நடந்தாள். சுமப்பது தெரிந்த தொழில் என்பதால் நடை மட்டும் நிற்கவில்லை. நாற்பது டன் தாங்கும் எடைமேடை ஒன்றுதான் அவளைத் தாங்கியது. அதன் ஓரத்திலேயே உட்கார்ந்து தைத்தாள், எடைக்காரர் ஒவ்வொரு லாரியின் எடையிலும் அவளைக் கழித்துக்கொண்டார். சுமை என்று இருந்தால் அதை ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்கு போட்டுக்கொள்ளலாம் என்பது சுமைக்காரர்களின் புத்தி. எட்டுப் பேர் இரண்டு கம்பு கட்டி அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். கட்டில் நான்கு காலும் மடங்கிப் படுத்துக்கொண்டது. டாக்டர் கண்ணிமையை இழுத்துப் பார்த்துவிட்டு, ரொம்ப இளைத்திருக்கிறாள் என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். திரும்பி வரும் வழியில் ஏழு இடத்தில் இறக்கி வைத்தார்கள். "பொறுத்துக்கம்மா, இனிமே எறக்க மாட்டோம்" என்று மேஸ்திரி மூச்சு வாங்கச் சொல்ல, "இதைத்தான் ஆறு தடவையா சொல்றீங்க. மூட்டைக்கு வாய் இல்லாததால நீங்க பொழைச்சீங்க" என்றாள் அவள். அன்று எல்லாரும் கொஞ்சம் சிரித்தார்கள். எடை குறையவில்லை.

மூன்றாம் மாதம் நடந்ததுதான் பெரியது. ஆறு வயது மகள் பள்ளிக்கூடம் விட்டு ஓடிவந்து மடியில் விழப் போனாள். விழாமல் தடுக்க அவள் தோளில் இவள் கையை வைத்தாள். வைத்தது விரல் நுனிதான். காறை எலும்பு முறிந்தது. பிள்ளையைக் கணவனின் அக்கா வந்து தூக்கிக்கொண்டு எதிர் வீட்டுக்குப் போனாள். எலும்பு ஆறு வாரத்தில் கூடிவிட்டது, பயம் போகவில்லை. அம்மா தெருவைக் கடந்தால் அந்தச் சின்னது கதவுக்குப் பின்னால் போய் நின்று இடுக்கு வழியாகப் பார்க்கும். அவள் தினமும் வாசலில் நின்று பார்த்துவிட்டுத் திரும்புவாள். ஒருநாள் நாத்தனாரிடம், "அண்ணி, என் பிள்ளைய நானே தூக்குவேன். அது வரைக்கும் வெச்சிருங்க" என்றாள். நாத்தனார், "தூக்குவ, தூக்குவ. முதல்ல என் வாசப்படிய விட்டு எறங்கு, கல்லு விரியுது" என்றாள்.

கிடங்கில் அப்போது வேறொரு தவறு நடந்துகொண்டிருந்தது. பலகையில் ஏறுகிறவனுக்குக் கீழே நிற்பவர்கள் "வை, வை, நில்லு, வை" என்று தாளம் சொல்வது வழக்கம். செத்தவனுக்கு மரியாதை என்று நினைத்து ஆளாளுக்கு அதை நிறுத்திவிட்டார்கள். தாளம் இல்லாத பலகை காலை ஏமாற்றியது. ஐந்து மாதத்தில் நான்கு பேர் விழுந்தார்கள். கடைசியாக விழுந்தவனைக் குள்ளம் என்பதால் அரைமூட்டை என்று கூப்பிடுவார்கள். அவன் முழங்காலில் கட்டோடு அவளிடம் வந்து நின்றான்.

"அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. மூணாவது அடியில அண்ணன் என்னமோ பண்ணுவாரே, அது என்ன?"

"குதிகால திருப்புவாரு."

"அதான் எப்படி?"

ஒன்பது வருஷம் ஊசியில் ஒரு கண்ணும் பலகையில் ஒரு கண்ணுமாக உட்கார்ந்திருந்தவள் அவள். எழுந்து, இரும்பு மேடையின் மேலேயே பதினான்கு அடியை நடந்து காட்டினாள். இரண்டு அடி வைத்து, மூன்றாவதில் ஒரு மூச்சு நின்று, குதிகாலை உள்ளே திருப்பி, தோளைத் தாழ்த்தி, போய்விட்டாள். எடைக்காரர் கூண்டிலிருந்து தலையை நீட்டினார். "ஏம்மா, இன்னொரு வாட்டி நட." நடந்தாள். "இன்னொரு வாட்டி." "எதுக்குண்ணே?" "பத்து கிலோவக் காணோம்" என்றார் அவர். அன்று அவள் ஆயிரத்து எண்பதிலிருந்து ஆயிரத்து எழுபதுக்கு வந்திருந்தாள்.

மறுநாளிலிருந்து, லாரி வரத்து ஓயும் நான்கு மணிக்கு அவள் மேடையில் ஏறினாள். ஆடுகிறேன் என்று அவள் சொன்னதில்லை. எடை இறக்கப் போகிறேன் என்பாள். முதலில் அந்த நடை மட்டும். பிறகு அவன் கொக்கி போட்டு மூட்டையை இழுப்பது, குனிந்து முதுகில் வாங்குவது, இறக்கியதும் துண்டை உதறுவது, வீட்டுக்குள் நுழையும்போது தலை இடிக்காமல் இருக்க எப்போதும் இடிக்கிற இடத்தில் குனிவது என்று ஒவ்வொன்றாக உடம்பில் ஏற்றிக்கொண்டாள். சுமைக்காரர்கள் சுற்றி நின்று மறுபடியும் "வை, வை, நில்லு, வை" சொன்னார்கள். இதனால் பலகையிலும் ஆட்கள் விழுவது நின்றது. வெயில் காலத்தில் இரும்பு கொதிக்கும். இரண்டு வாளி தண்ணீர் ஊற்றிவிட்டு ஏறுவாள். பாதம் வெடித்தால் சாக்குத்துணியைச் சுற்றிக் கட்டிக்கொள்வாள். ஒரு நாள் ஐந்து, ஒரு நாள் பதினைந்து, சில நாள் ஒன்றுமில்லை. இரண்டு மாதத்தில் அறுநூறுக்கு வந்தாள். எடை அங்கேயே நின்றுவிட்டது. என்ன ஆடினாலும் அறுநூறு. மூன்று வாரம் அறுநூறு. "மிஷின் தூங்கிடுச்சு போல" என்று எடைக்காரர் அதன் தலையில் தட்டிப் பார்த்தார். அவள் மட்டும் ஒரு நாளும் தவறாமல் நான்கு மணிக்கு வந்து நின்றாள்.

அப்படியான ஒரு நாளில்தான் நாத்தனார் கையில் காய்கறிக் கூடையோடு கிடங்கு வாசலில் வந்து நின்றாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் கத்தினாள்: "நடந்தது, சிரிச்சது, துண்ட உதறுனது எல்லாம் ஆடியாச்சு. என் தம்பி செத்தானே, அத யாருடி ஆடுவா? நானா?" மேஸ்திரி, "ஏம்மா, வேலை நடக்கிற எடத்துல..." என்று ஆரம்பித்தார். "நீங்க சும்மா இருங்க மேஸ்திரி. இடம் பத்தல, அட்டியில ரெண்டு வரிசை கூடப் போடுன்னு சொன்ன வாய்தானே அது?" மேஸ்திரி தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டு ஓரத்துக்குப் போனார்.

மேடையில் நின்றவள் உட்கார்ந்தாள். இல்லாத ஊசியை எடுத்து, இல்லாத சாக்கைத் தைத்தாள், சிரித்துக்கொண்டே தைத்தாள், ஒரே ஒரு முடிச்சு போட்டாள். போட்டதும் அவள் விரல் இடுக்கிலிருந்து மக்காச்சோளம் ஒழுகத் தொடங்கியது. அன்று யார் காதிலும் விழாத அந்தச் சத்தத்தை இன்று எல்லாரும் கேட்டார்கள். மெல்லிய சத்தம், தூரத்தில் மழை வருவது மாதிரி. அவள் அட்டியாக எழுந்து நின்றாள். அட்டி சாய்கிற மாதிரி இடுப்பிலிருந்து சாய்ந்தாள். எண் அறுநூற்று ஐம்பதாகி, எழுநூறாகி, எண்ணூறைத் தாண்டியது. "நிறுத்தும்மா, ஏறுது!" என்று எடைக்காரர் கண்ணாடியைத் தட்டினார். "ஏறட்டும்" என்றாள். தொள்ளாயிரத்தில் விழுந்தாள். மேடை குழிந்தது, அந்தக் குழி இப்போதும் இருக்கிறது. எழுந்து மறுபடி உட்கார்ந்து முதலிலிருந்து தைத்தாள். மறுபடி விழுந்தாள். பதினொரு முறை. பத்தாவது முறை விழுந்தபோது கீழே பலகைக்காரன் இருந்தான் என்றும், பதினொன்றாவது முறை அவள் அவன்மேல் விழாமல் அவன் பக்கத்தில் விழுந்தாள் என்றும் அரைமூட்டை பின்னால் சொன்னான். மற்றவர்கள் பார்த்தது, அவள் பக்கவாட்டில் கையைப் போட்டபடி கொஞ்ச நேரம் கிடந்ததைத்தான்.

நாத்தனார் கூடையைக் கீழே வைத்துவிட்டு மேடையில் ஏறினாள். குனிந்து யாரோ போர்த்தியிருந்த போர்வையைப் பிடித்து இழுப்பதுபோல இழுத்தாள், மறுபடி மறுபடி இழுத்தாள். "அன்னிக்குக் காலையில முதுகு வலிக்குதுக்கான்னுதான் படுத்திருந்தான்" என்று யாரையும் பார்க்காமல் சொன்னாள். "சோம்பேறின்னு திட்டி எழுப்பி அனுப்பினேன்." இரண்டு பேரும் மேடையில் இருந்ததால் அன்றைக்கு யார் எடை எவ்வளவு என்று எடைக்காரரால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து அவள் எண் மறுபடி இறங்கத் தொடங்கியது. அடுத்த வாரம் தையல்காரிகள் நால்வரும் ஒருத்தி பின் ஒருத்தியாக வந்து ஆளுக்கொரு ஒற்றை முடிச்சைப் போட்டுவிட்டுப் போனார்கள். அந்தத் தையல் யாருடையது என்று கடைசிவரை தெரியவில்லை, கேட்பதையும் விட்டுவிட்டார்கள். மேஸ்திரி ஒரு மாதம் ஓரத்திலேயே நின்றார். பிறகு ஒருநாள் ஏறி, கையை உயர்த்தி இரண்டு வரிசையைக் காட்டிவிட்டு, அந்தக் கையை என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே நின்றார். அரைமூட்டைதான் போய் அதைப் பிடித்து இறக்கிவிட்டான்.

கணவன் செத்த பதினாலாம் மாதம் அவள் எழுபது கிலோவுக்கு வந்தாள். இனிப் பிள்ளையைத் தூக்கிவிடலாம் என்று அதற்கு முந்திய வாரமே கிடங்கு முழுக்கப் பேச்சாக இருந்தது. நாத்தனார் சின்னவளைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். பிள்ளை மேடையின் விளிம்பு வரைக்கும் வந்தது, அதற்கு மேல் வரவில்லை. உடைந்த தோளை இன்னொரு கையால் மூடிக்கொண்டு கூண்டைப் பார்த்தது.

"மாமா, அம்மா எவ்ளோ?"

"எழுபதும்மா."

பிள்ளை யோசித்தது. "அத்தை எவ்ளோ?"

எடைக்காரர் நாத்தனாரைப் பார்த்தார். நாத்தனார், "என்னை எதுக்குடி இழுக்குற" என்று முனகிக்கொண்டே, அம்மாக்காரியை இறங்கச் சொல்லிவிட்டு ஏறி நின்றாள்.

"எண்பத்தஞ்சு" என்றார் எடைக்காரர், கொஞ்சம் குரலைத் தாழ்த்தி.

"அத்தை தூக்குனா எனக்கு ஒண்ணும் ஆகல" என்றது பிள்ளை. "அப்போ பரவால்ல." சொல்லிவிட்டு அம்மாவிடம் நடந்து போய் இரண்டு கையையும் மேலே நீட்டியது. அவள் தூக்கினாள். முதலில் மூச்சைப் பிடித்துக்கொண்டு, முட்டையை எடுப்பதுபோலத் தூக்கினாள். பிறகு இடுப்பில் வைத்தாள். பிறகு அந்தப் பதினான்கு அடியை, குதிகாலைத் திருப்பி, நடந்தாள். எண் தொண்ணூறில் நின்றது. வெளியே இரண்டு லாரிகள் ஒலிப்பான் அடித்தன. யாரும் அவளை இறங்கச் சொல்லவில்லை.

பழைய ஐம்பத்தைந்துக்கு அவள் திரும்பவே இல்லை. மிச்சம் பதினைந்து கிலோ என்ன ஆடினாலும் இறங்கவில்லை. அது இருந்துட்டுப் போகட்டும் என்று சொல்லிவிட்டாள். அது பழகிப்போன பிறகும் நான்கு மணிக்கு வருவதை விடவில்லை. அவளைப் பார்த்து வேறு கிடங்கிலிருந்தும், தள்ளியிருந்த தெருக்களிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். தண்ணீரில் பிள்ளையைப் பறிகொடுத்த தச்சர் வந்தார். தீயிலிருந்து தான் மட்டும் வெளியே வந்த ஒரு பெண் எட்டு மாதம் வந்தாள். நான்கு முதல் ஐந்து வரை மேடையில் லாரி ஏறாது என்று வாசலில் எழுதிப் போட்டார்கள். ஓட்டுநர்கள் அந்த நேரத்துக்குத் தூங்கினார்கள், சிலர் இறங்கி வந்து ஆடினார்கள். எடைக்காரர் ஓய்வுபெற்ற பின், வளர்ந்துவிட்ட சின்னவள்தான் கூண்டில் உட்கார்ந்தாள்.

போன வருஷம் எடை அளவுத் துறையிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். ஒல்லியான ஆள், சட்டை உடம்பில் ஒட்டாமல் காற்றில் நின்றது. படிக்கற்களை வைத்து மேடையைக் காலையிலிருந்து சோதித்து, எல்லாம் சரி என்று முத்திரை குத்தினார். குத்திவிட்டு வெளியேறும்போது மேடையைக் கடந்தார். எண் பலகையில் இருநூற்று முப்பது என்று விழுந்தது. அவர் நின்று அந்த எண்ணைப் பார்த்தார். "ஏம்மா, மிஷின் சரியாத்தானே இருக்கு?" என்று கேட்டார்.

"நீங்கதானே சார் இப்போ முத்திரை குத்துனீங்க" என்றாள் சின்னவள்.

அவர் தலையாட்டினார். மணி எத்தனை என்று கேட்டார். மூணே முக்கால் என்றாள். அதிகாரி தன் பையைக் கூண்டின் ஓரத்தில் வைத்து, செருப்பைக் கழற்றி அதன் பக்கத்தில் ஒழுங்காக விட்டு, அங்கே ஏற்கெனவே காத்திருந்தவர்களோடு போய் வரிசையில் நின்றார்.