இடுப்பில் பிடித்த தையல்

எங்கள் தையற்கடைக்குப் பின்பக்கம் ஒரு கக்கூஸ் இருக்கிறது. விஷயம் அங்கேதான் ஆரம்பித்தது, அதனால் முகத்தைச் சுளிக்காமல் கேளுங்கள்.

கடைக்கு எதிரே பதினான்கு மாடி ஆபீஸ். அதன் மேல் மாடிக்காரர்கள் அந்த வருஷம் தங்களுக்குத் தாங்களே சம்பளத்தை ஏற்றிக்கொண்டார்கள். அதே வாரம், தரை துடைக்கிற பெண்களைக் கூப்பிட்டு, இனிமேல் ஆளுக்கு ஒரு மாடி இல்லை, இரண்டு மாடி, சம்பளம் மட்டும் பழையதுதான் என்று சொல்லிவிட்டார்கள். அந்தப் பெண்கள் கத்தவில்லை, கல்லெறியவில்லை. வாளியை வைத்துவிட்டு வெளியே வந்து, என் கடையை ஒட்டின நடைபாதையில் அட்டைகளை விரித்து உட்கார்ந்துவிட்டார்கள். 'கூலி ஒன்று, வேலை இரண்டு, முடியாது' என்று ஒரு துணியில் எழுதிக் கட்டியிருந்தார்கள். துணியின் ஓரத்தை மடித்துத் தைக்காமல் விட்டதில் நூல் பிரிந்து தொங்கியது. எனக்கு அதுதான் முதலில் கண்ணை உறுத்தியது. அவிழ்த்து வாங்கி, ஓரம் அடித்துக் கொடுத்தேன்.

முதல் நாள் மத்தியானமே அவர்களில் ஒருத்தி கடைக்குள் வந்து நின்றாள். எல்லோரும் அவளை நெட்டை என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த ஆபீஸில் வாட்ச்மேனிலிருந்து துடைக்கிறவர்கள் வரை அத்தனை பேருக்கும் யூனிபார்ம் தைப்பவள் நான். அவள் கைக்கு மட்டும் துணி எப்போதும் கூடுதலாக வெட்ட வேண்டும்.

"அக்கா, ஒரு அவசரம்."

"பின்னாடி போ. தாழ்ப்பாள் சரியா விழாது. பாட்டுப் பாடிக்கிட்டே இரு."

அவள் பாடிய பாட்டைக் கேட்டு இன்னொருத்தி வந்தாள். சாயங்காலத்துக்குள் கடை பெஞ்சில் வரிசை. என் வீட்டுக்காரர் அதே கடையில் ஒரு மூலையில் இஸ்திரி போடுகிறவர். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத மனுஷன். அவரே கேட்டுவிட்டார்.

"இது நம்ம கடையா, பஸ் ஸ்டாண்டா?"

"ஏன், உங்களுக்கு எங்க இடிக்குது? சட்டை கருகுது, அதைப் பாருங்க."

தெருவிலும் ஆளுக்கு ஒரு விதம். டீக்கடைக்காரர் அந்தப் பெண்களுக்குப் பாலைக் குறைத்து, டீயை மட்டும் குறைக்காமல் கொடுத்தார். மருந்துக்கடைக்காரர் வியாபாரம் படுத்துவிட்டது என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் புலம்பினார். ஆபீஸ்காரர்கள் போனைப் பார்த்துக்கொண்டே கேட்டுக்குள் நுழைந்தார்கள். நான் என்னைப் போராட்டக்காரி என்று நினைத்துக்கொள்ளவில்லை. அவசரத்துக்குக் கதவைத் திறந்துவிட்டேன், அவ்வளவுதான்.

அடுத்த வாரம் ஆபீஸிலிருந்து டை கட்டின தம்பி வந்தான். எனக்கு ஆர்டர் கொடுப்பவன் அவன்தான். நல்ல பையன், எப்போதும் அக்கா என்றுதான் கூப்பிடுவான்.

"அக்கா, அவசர ஆர்டர். துடைக்கிறவங்களுக்குப் புது யூனிபார்ம். பேன்ட், சட்டை எல்லாம் நடு சைஸ்ல அடிச்சிடுங்க."

"நடு சைஸ் எதுக்கு? அவங்க எல்லார் அளவும் எங்கிட்ட இருக்கே."

அவன் டையைத் தடவினான். பெஞ்சில் இருந்த மூன்று பேரும் எங்கள் பக்கம் திரும்பினார்கள்.

"இது வேற ஆளுங்க, அக்கா. புதுசா எடுக்கறோம்." குரலைத் தாழ்த்திக்கொண்டான். "இதை நீங்க செய்யலன்னா, வாட்ச்மேன், டிரைவர் யூனிபார்ம் எல்லாமே வெளிய போயிடும். நான் சொல்லல, மேல சொல்றாங்க."

என் கடையில் முக்கால்வாசி வேலை அந்த ஆபீஸ் வேலை. அது போனால் வாடகைக்கு நான் எங்கே போவேன்? அன்றைக்கு முழுக்க எனக்கு ஊசியில் நூல் நுழையவில்லை. ஆனால் மறுநாள் காலையில் அவன் வந்தபோது, பெஞ்சில் இருந்தவர்களுக்கும் கேட்கிற மாதிரியே சொன்னேன்.

"தம்பி, அந்தத் துணி என் மெஷின்ல ஏறாது. போய் மேல சொல்லு."

பெண்கள் கை தட்டினார்கள். எனக்குத் தலை கால் புரியவில்லை, பெருமை! நெட்டை மட்டும் தட்டவில்லை. "யோசிச்சுத்தான் சொன்னியா அக்கா?" என்று கேட்டாள். "இதுல யோசிக்க என்னடி இருக்கு?" என்று அவளையே அதட்டினேன். என் வீட்டுக்காரர் ஓர் அட்டையை எடுத்து, 'பழைய துணிகள் கிழிசல் தைத்து, அளவு பிடித்துத் தரப்படும்' என்று எழுதி வாசலில் மாட்டினார்.

புது ஆட்கள் வந்துவிட்டார்கள். காலையில் வேனில் கொண்டுவந்து பின்பக்க கேட்டில் இறக்கினார்கள். எங்கேயோ வாங்கின ரெடிமேட் நீல யூனிபார்ம். இரண்டாவது மாடி ஜன்னலைத் துடைத்த ஒருத்தியைக் கீழிருந்து பார்த்தேன், தோள்பட்டை அவள் முழங்கையில் கிடந்தது. "பாருங்கடி, கோணிப்பையில ஆளைப் போட்டு அனுப்பியிருக்காங்க" என்று சொல்லிச் சிரித்தேன். பெஞ்சில் இருந்தவர்களும் சிரித்தார்கள். பாவம், அவர்களுக்கும் சிரிக்க வேறு என்ன இருந்தது?

மறுநாள் சாயங்காலம் என் தங்கை வந்தாள். பஸ்ஸில் அரை மணி தூரத்தில் இருக்கிறவள், சொல்லாமல் வர மாட்டாள். கையில் ஒரு பை. பெஞ்சில் நெட்டையும், அவள் கூடவே எப்போதும் இருக்கும் ஓர் ஊமைக்கோட்டானும் உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பெண் வாயைத் திறந்து நான் பார்த்ததே இல்லை.

"அக்கா, ஒரு பேன்ட். இடுப்புல நிக்கல, கொஞ்சம் பிடிச்சுக் குடு."

பையைத் திறந்தேன். அதே நீலம்.

"இது உனக்கு எங்கேர்ந்துடி வந்தது?"

"நேத்திலேருந்து வேலைக்குப் போறேன்."

"இவங்க வயித்துல அடிச்சிட்டா? வெட்கமா இல்ல? நான் அந்த ஆர்டரையே வேண்டாம்னு தூக்கி எறிஞ்சிருக்கேன், நீ அந்தத் துணியையே எடுத்துக்கிட்டு எங்கிட்ட வர்ற!"

"அவருக்கு வேலை போயி மாசக்கணக்காச்சு, அக்கா." அவள் சத்தம் போடவில்லை. "தினம் ஒரு வேளை பிள்ளைங்களுக்குக்கூட நான் சோறு வடிக்கறதே இல்ல."

"எங்கிட்ட ஏண்டி சொல்லல?"

"சொன்னா? நீயே கிழிசல் தைக்கறேன்னு அட்டை மாட்டியிருக்க."

இஸ்திரிப் பெட்டி நின்றுவிட்டது. பெஞ்சிலிருந்து நெட்டை பேசினாள்.

"அக்கா, போதும் விடு. எங்க சண்டை மேல் மாடியோட. உன் தங்கச்சியோட இல்ல. அளவெடு."

தங்கையின் அளவு எனக்கு மனப்பாடம். அவள் பாவாடை கட்டிய நாளிலிருந்து அவளுக்குத் தைப்பவள் நான். இருந்தாலும் டேப்பைச் சுற்றினேன். வழக்கமாக டேப் வந்து சேரும் இடத்தைத் தாண்டி நான்கு விரல் உள்ளே போயிற்று. மறுபடி சுற்றினேன். அதேதான். தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் கதவைத் திறந்துவிட்டேன், என் கூடப் பிறந்தவள் இப்படி இளைத்துக்கொண்டிருப்பது எனக்குத் தெரியவில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. டேப்பைச் சுருட்டுகிற சாக்கில் திரும்பிக்கொண்டேன்.

பேன்ட்டை மெஷினில் ஏற்றினேன். ஏறாது என்று ஊரறியச் சொன்ன அதே மெஷின். உட்கார வேறு இடம் இல்லை. பெஞ்சில் இருந்த இருவரும் ஆளுக்கு ஒரு பக்கம் நகர்ந்து நடுவில் இடம் விட்டார்கள். தங்கை தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்தாள்.

நெட்டை கேட்டாள். "எந்த மாடி குடுத்திருக்காங்க?"

"ஏழும் எட்டும்."

"ஏழாவதுல கடைசி ரூம் ஜன்னல் இறுகும். எம்பித் தள்ளாத, இடுப்பு பிடிச்சுக்கும். கீழ்ப்பக்கம் ஒரு தட்டு தட்டு, தானா வரும். எட்டாவதுல காபி மெஷின் பக்கம் எப்பவும் ஈரம். ஓரமா நடக்கணும். இவ அங்க விழுந்துதான் கைய உடைச்சுக்கிட்டா."

தங்கை நிமிர்ந்தாள். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஏழாவது என்னோடது. எட்டாவது இவளோடது."

ஊமைக்கோட்டான் தன் மணிக்கட்டைத் தடவியபடி, "இன்னமும் மழை நாள்ல வலிக்கும்" என்றாள். அவள் குரலை அன்றைக்குத்தான் கேட்டேன்.

தங்கை இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். அந்தச் சின்ன பெஞ்சில் மூன்று பேரின் தோளும் இடித்துக்கொண்டிருந்தது. நான் கடைசித் தையலை அடித்து, நூலை வெட்டி, பேன்ட்டை அவளிடம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"பிரிச்சிடு, அக்கா."

"என்னது?"

"பிடிச்சதைப் பிரிச்சிடு. குடுத்த மாதிரியே திருப்பிக் குடுக்கணும்."

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷம் வரவில்லை. பயம்தான் வந்தது. பேசாம போட்டுக்கிட்டுப் போடி என்று நுனி நாக்கு வரை வந்துவிட்டது. டைக்காரத் தம்பியிடம் வீறாப்பாகப் பேசினவள் நான்தான். அன்றைக்குப் போனது என் வேலை. இது அவள் பிள்ளைகளின் சோறு.

நெட்டைக்கும் அதே பயம் இருந்திருக்க வேண்டும். "அவசரப்படாதம்மா. நீ போகலன்னா நாளைக்கே வேற ஒருத்தி வருவா. எங்களுக்கு ஒண்ணும் உடனே கிடைச்சிடாது."

"வரட்டும். அவளையும் இங்க கூட்டிட்டு வந்து உக்கார வைங்க. அந்த ஜன்னலைப் பத்திச் சொல்லுங்க."

என் வீட்டுக்காரர் இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டுச் செருப்பை மாட்டினார்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"பிள்ளைங்களைக் கூட்டிட்டு வர. இருக்கறதை எல்லாருமா சாப்பிடலாம்." படி இறங்கியவர் திரும்பி, "அரிசி கொஞ்சம் கூடப் போடு" என்றார்.

நெட்டை பேன்ட்டின் ஒரு பக்கத்தை இழுத்துப் பிடித்தாள். தங்கை மறுபக்கத்தைப் பிடித்தாள். நான் பிளேடை எடுத்தேன். நன்றாக இறுக்கித்தான் அடித்திருந்தேன், முதல் தையல் அறுபடவே வெகுநேரம் ஆயிற்று.