தனிக்கொட்டகைக் கிடா

பத்து நாள் ஆடு வளர்ப்புப் பயிற்சிக்குப் போய் வந்ததிலிருந்து ஊர் அவளை 'டாக்டரம்மா' என்றுதான் கூப்பிட்டது. கிண்டல்தான், வேறென்ன! மனுஷனுக்கே கட்டில் இல்லையாம், இவள் ஆட்டுக்குத் தரைக்கு மேலே பலகை அடித்துப் பரண் கட்டுகிறாளாம். ஊர்வாயை மூட உலைமூடி உண்டா? அண்ணன் நம்பினால் போதும் அவளுக்கு.

அவன் லேசில் நம்புகிற ஆளா? அவன் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்றே கால்தான். ஆனால் பரணில் ஏற்றிய பிறகு அந்த மழைக்காலத்தில் ஒரு குட்டிகூடச் சாகவில்லை. அதோடு மனிதன் அடியோடு மாறிப்போனான். தங்கை சொன்னால் மறுபேச்சில்லை. இப்போது பரணில் இருபத்திரண்டு பெட்டை ஆடுகள், அத்தனையும் சினை. குடும்பத்தின் ஒரு வருஷப் பிழைப்பே அந்த வயிறுகளில்தான் இருந்தது. தடுப்பூசி முகாம் அடுத்த மாதம்.

சந்தையில் ஒரு நல்ல சாதிக் கிடா வாங்கினாள். புது ஆட்டை மூன்று வாரம் தனியே வைக்க வேண்டும் என்பது பாடம். வீட்டுக்குப் பின்னால் தனிக்கொட்டகை, தனி வாளி, தனிக் கயிறு. கிடாவைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் பரண் பக்கமே போகமாட்டாள்.

பன்னிரண்டாம் நாள் காலை கிடா தழையில் வாய் வைக்கவில்லை. மூக்கு ஒழுகியது. உதட்டைத் தூக்கிப் பார்த்தாள், ஈறெல்லாம் புண். பயிற்சியில் படம் காட்டிச் சொன்ன ஆட்டுக்கொல்லி நோய். நல்லவேளை, தனியே வைத்தோம், போனால் இது ஒன்றோடு போகட்டும் என்று தேற்றிக்கொண்டு கால்நடை மருத்துவருக்குப் போன் செய்தாள். அண்ணனிடம் சொல்லப் பரணுக்கு ஓடினாள்.

அவன் தீவனத் தொட்டியில் ஒரு கூடைத் தழையை உதறிக்கொண்டிருந்தான். அவள் இன்னும் தழை வெட்டவே போகவில்லை.

"இதை எங்கேருந்துண்ணா எடுத்த?"

"நேத்து கிடா மிச்சம் வச்சது. தினமும் நான்தான் அள்ளிட்டு வந்து போடறேன்." பெருமையாகவே சொன்னான். "தீவனத்தை வீணாக்கக் கூடாதுன்னு நீதானே சொன்ன."

சொன்னாள்தான். சுவரில் எழுதியும் வைத்திருந்தாள்.

கிடாவுக்கு வந்திருப்பது என்ன, அது எச்சிலில் எப்படிப் பரவும் என்று தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்தாள். அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. கடைசி வரிசையில் ஒரு பெட்டை தும்மியது. அதன் பக்கத்தில் நின்றதும் தும்மியது.

"சரி, விடு," என்றான். "இதுக்கும் டிரெய்னிங்ல ஏதாவது சொல்லியிருப்பாங்கல்ல? சொல்லு, செய்யறேன்."

அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான். சொல்லித்தான் இருந்தார்கள், பாவிகள். குழி எவ்வளவு ஆழம் வெட்ட வேண்டும், சுண்ணாம்பு எவ்வளவு கொட்ட வேண்டும் என்று.