மெத்தை அடுக்குக்குப் பின்னால்

செப்டம்பர் நான்காம் தேதி, பிற்பகல் மூன்று மணி. பள்ளிக்கு வராத பிள்ளைகளைக் கணக்கெடுத்துக்கொண்டிருந்த ஆசிரியை புர்மகான், நாரின் என்ற மலையூரின் கடைசி வீடான சாய்ராகுலின் வீட்டுக்கு வந்தாள். மூன்று வருடங்களாக அந்த வீட்டுப் பையனுக்கு அவள் பாடம் சொல்லிக்கொடுத்த அறையில் உட்கார்ந்தாள். மூத்த மகளின் கல்யாணச் சீருக்காகத் தைத்த மெத்தைகள் சுவரோரம் ஆளுயரத்துக்கு அடுக்கப்பட்டிருந்தன. வெளியார் யாரும் அவற்றைக் கலைக்க மாட்டார்கள். புர்மகான் எப்போதும் போல அவற்றில் முதுகைச் சாய்த்துக்கொண்டாள்.

"எங்க வீட்ல விட்டுப்போன பிள்ளைன்னு யாருமில்ல டீச்சர். டீ ஆறுது, குடிங்க," என்றாள் சாய்ராகுல்.

மெத்தைகளுக்குப் பின்னால் யாரோ தும்மினார்கள்.

புர்மகான் எழுந்து இடுக்கில் எட்டிப் பார்த்தாள். ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி சூம்பிய கால்களோடு சுவரில் ஒண்டியிருந்தாள். மடியில் அண்ணனின் பழைய நோட்டு. புர்மகான் கணக்கெடுப்புப் பட்டியலையும் பேனாவையும் எடுத்தாள். இந்தப் பிள்ளையின் மேல்தான் மூன்று வருடம் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள்.

"எழுதாதீங்க டீச்சர்," சாய்ராகுல் அவள் கையைப் பிடித்தாள். "வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வர்றாங்க. இவளப் பாத்தா ரத்தத்துலயே கோளாறுன்னு எழுந்து போயிடுவாங்க."

சிறுமி அம்மாவைப் பார்க்கவில்லை.

"அண்ணன் ஏழாம் வாய்ப்பாட்டத் தப்புத்தப்பாச் சொல்றப்பல்லாம் எனக்குச் சிரிப்பா வரும், வாயப் பொத்திக்குவேன். எம் பேர எழுதுவீங்களா டீச்சர்?"