இரண்டாம் சங்கு

குடியிருப்பின் அடியில் குண்டுவீச்சின்போது பதுங்குவதற்காக இருந்த நிலவறை, எஞ்சினியர் நகரத் திட்ட அலுவலகத்தில் இருந்தபோது வரைந்தது. ஓய்வுபெற்றதும் அதற்குப் பொறுப்பாளரும் அவரே ஆனார். முதல் அபாயச் சங்குக்கு எல்லோரும் இறங்க வேண்டும். இரண்டாம் சங்குக்கு இரும்புக் கதவைச் சாத்த வேண்டும். சாத்தினால் சாத்தியதுதான். விதியும் அவருடையதே.

முதல் ஒத்திகையில் அவருடைய மகளே பிந்தினாள். நான்காம் மாடியிலிருந்து குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்து கடைசிப் படியில் கால் வைத்தபோது இரண்டாம் சங்கு ஊதியது. அவள் முகத்துக்கு நேராகக் கதவை இழுத்துச் சாத்தினார்.

“பெத்த பொண்ணு சார் அது! கொஞ்சம் திறந்தா குறைஞ்சா போயிடுவீங்க?” என்றார் தையல்காரர்.

“அவளுக்குத் திறந்தா நாளைக்கு உன் மாமியாருக்கும் திறக்கணும்யா.”

“ஐயோ, அப்ப நல்லா சாத்துங்க சார்!”

நிலவறையே சிரித்தது. வெளியே நின்றவளுக்கும் கேட்டது. எஞ்சினியரின் நெஞ்சு நிமிர்ந்தது. சொந்தம் பார்த்தான் என்று இந்தக் குடும்பத்தைப் பார்த்து எவனும் விரல் நீட்ட முடியாது.

“ஒத்திகைதானேப்பா?” என்று மாலையில் மகள் கேட்டாள்.

“நிஜத்துலயும் அப்படித்தான்.”

அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினாள்.

நிஜம் ஒரு மத்தியான வேளையில் வந்தது. எல்லோரும் இறங்கினார்கள், அவளைக் காணோம். இரண்டாம் சங்கு ஊதியது. கதவைப் பிடித்த எஞ்சினியரின் கை அசையவில்லை.

“சாத்துங்க சார்!” என்று கத்தினார் தையல்காரர்.

“வந்துடுவா. குழந்தையத் தூக்கிட்டு இறங்கணும்ல.”

“எங்க குழந்தைங்க உள்ள இருக்கு! அன்னிக்கு என்ன பேச்சு பேசினீங்க?”

யாருக்கும் வளையாத மனிதர் தையல்காரரைக் கையெடுத்துக் கும்பிட்டார். கை விலகிய அந்த நொடியில் நாலு பேர் பாய்ந்து கதவைச் சாத்தித் தாழிட்டார்கள்.

கடைசியாக இறங்கிய வாட்ச்மேன் மெதுவாக அருகில் வந்தார். “உங்க பொண்ண நான் கூப்பிட்டேன் சார். ‘போய்ச் சேர்றதுக்குள்ள ரெண்டாவது ஊதிடும்ணே. அப்பா திறக்க மாட்டாரு. திரும்பவும் நாலு பேரு சிரிக்க வேணாம்’னு சொல்லிட்டு, குழந்தையோட மேற்குப் படிக்கட்டுக்கு அடியில உக்காந்துடுச்சு.”

எஞ்சினியர் தாழ்ப்பாளை நோக்கித் திரும்பினார். தையல்காரர் கதவில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டார்.

அப்போதுதான் மேலே குண்டு விழுந்து அதிர்ந்தது. விளக்கு அணைந்தது. மேற்குப் பக்கத்துக் கூரையிலிருந்து சுண்ணாம்பு பொலபொலவென்று கொட்டியது.

ஆபத்து நீங்கியதாகச் சங்கு ஊதும்வரை கதவை யாரும் திறக்கவில்லை. திறக்கச் சொல்லி அவரும் கேட்கவில்லை.